உளுந்து மூட்டையும் லண்டன் நடுவர் மன்றமும்

மலேசியாவின் பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கிய உளுந்துக்கு லண்டனில் பஞ்சாயத்து என்று சொன்னால் எங்கள் ஊர் வியாபாரிகள் சிரிப்பார்கள். நோட்டீஸ் கைக்கு வரும்வரைதான் அந்தச் சிரிப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கு லிட்டில் இந்தியாவில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஒருவர் வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்தார். (அவர் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பூஞ்சணம் பிடித்த இரண்டு கைப்பிடி உளுந்து. மியன்மார் சரக்கு. விற்றவர் சிங்கப்பூரில் கம்பெனி வைத்திருக்கும் இன்னொரு தமிழர், பதினைந்து வருஷப் பழக்கம். இருபதடி கண்டெய்னரில் 480 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் 24 டன். பிறை கிடங்கில் கதவைத் திறந்தபோது மேலடுக்கிலும் சுவரோரத்திலும் இருந்த மூட்டைகள் நனைந்து கிடந்தன.

அண்ணன் (வந்த வியாபாரியை இனி அப்படியே சொல்கிறேன்) கைப்பேசியில் நாலு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தீபாவளி நெருக்கம். நல்ல மூட்டைகளை உடனே கடைகளுக்கு அனுப்பிவிட்டார். நனைந்ததைக் காயவைத்துத் தீவனத்துக்கு வந்த விலைக்குத் தள்ளினார். நஷ்டம் 38,000 ரிங்கிட் என்று தாமே கணக்குப் போட்டு, அடுத்த இன்வாய்ஸில் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். சிங்கப்பூர்க்காரர் முதலில் “பேசிக்கலாம் அண்ணே” என்றார். பிறகு பேச்சே இல்லை. ஏழாவது வாரம், பிடித்த பணத்தைக் கேட்டு லண்டனில் நடுவர் விசாரணை (கோர்ட்டுக்குப் பதில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் தீர்ப்பு சொல்வது) தொடங்குவதாக நோட்டீஸ் வந்தது.

“நான் கையெழுத்துப் போட்டது விலைக்கும் டன்னுக்கும்தானேம்மா. லண்டனுக்கு எப்பப் போட்டேன்?”

போட்டிருந்தார். ஒப்பந்தத்தின் கடைசிக்கு முந்தைய வரி, மற்ற நிபந்தனைகள் எல்லாம் காஃப்டா ஒப்பந்தப்படி, நடுவர் விசாரணை லண்டனில், காஃப்டா 125ஆம் எண் விதிகளின்படி என்று சொல்லியிருந்தது. காஃப்டா என்பது தானியம், பருப்பு, தீவன வியாபாரிகளின் சங்கம். அதன் வேர் 1878இல் லண்டனில் தொடங்கிய தானிய வணிகச் சங்கத்துக்குப் போகிறது. அங்கே நடுவராக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வாழ்நாளெல்லாம் இதே சரக்கை வாங்கி விற்றவர்கள். இரு தரப்பும் தனியாக ஒப்புக்கொண்டால் ஒழிய, வாய்மொழி விசாரணையில் வழக்கறிஞர் வாதாடக்கூட அந்த விதிகள் இடம் தருவதில்லை. என் பிழைப்புக்கு ஆகாத விதிதான், ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. உளுந்தை முகர்ந்து பார்த்துப் பழகியவரிடம் உளுந்து வழக்கைச் சொல்வது சுலபம்.

அண்ணனுக்குச் சிக்கல் தந்தது நாள்கணக்கு. அவருடைய ஒப்பந்தம் மாதிரியானவற்றில், தரம் குறித்த புகாருக்கு, சரக்கு இறக்கி முடிந்த 21 நாளுக்குள் நடுவர் விசாரணை கோரும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். வாட்ஸ்அப் படம் அந்த நோட்டீஸ் ஆகாது. காலம் தாண்டி வந்ததை ஏற்றுக்கொள்ள நடுவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

சரி, கதவு திறந்த அன்று என்ன செய்திருக்க வேண்டும்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் அனுபவத்தில் சரக்கு வழக்குகளில் பாதி அந்த ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடுகின்றன.

நனைந்த மூட்டையைக் கண்டதும் இறக்குவதை நிறுத்திவிட்டு சர்வேயரை, அதாவது சரக்குச் சேதத்தை ஆராய்ந்து அறிக்கை தருபவரை, கூப்பிட வேண்டும். அவர் வந்ததும் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுப்பார். உள்ளே வெள்ளி நைட்ரேட் கரைசல். ஈரமான சாக்கின்மேல் சில சொட்டு விடுவார். பால்போல் வெளுத்தால் உப்பு இருக்கிறது, கடல்நீர் புகுந்திருக்கலாம். அப்போது பேச்சு கப்பல் நிறுவனத்தோடும் காப்பீட்டோடும். வெளுக்காவிட்டால் மழைநீர், அல்லது கண்டெய்னர் வேர்வை: சூடான ஊரில் ஏற்றிய ஈரச் சரக்கிலிருந்து எழும் ஆவி, இரவில் குளிர்ந்த தகரக் கூரையில் படிந்து சொட்டுவது. அப்படியென்றால் ஏற்றும்போதே ஈரப்பதம் கூடுதலாக இருந்ததா என்ற கேள்வி வரும், அது விற்றவர் தலையில் விழும். பிறகு சர்வேயர் காலிக் கண்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்வார். இருட்டில் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. இதற்காகத்தான் காலிக் கண்டெய்னரை அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள் என்கிறேன்.

அடுத்தது சாம்பிள். வாங்கியவர் தரப்பும் விற்றவர் தரப்பும் சேர்ந்து நின்று எடுத்து, சீல் வைத்து, ஆளுக்கொன்றும் ஆய்வகத்துக்கொன்றுமாகப் பிரிக்க வேண்டும். விற்றவர் ஆள் அனுப்ப மறுத்தால், அழைத்ததற்கும் மறுத்ததற்கும் எழுத்தில் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கொண்டுவந்த பிளாஸ்டிக் பை எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று கேட்டால் அவரிடமே பதில் இல்லை. கப்பல் நிறுவனத்துக்குத் தனிக் கடிகாரம் ஓடுகிறது: வெளியே தெரியாத சேதத்துக்கு, சரக்கை எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், ஓராண்டுக்குள் வழக்கு.

அண்ணனிடம் இதில் எதுவுமே இல்லை. லண்டனில் மோதியிருந்தால் நடுவர் கட்டணமே தகராறுத் தொகையில் பெரும்பங்கைத் தின்றிருக்கும். அதனால் சமரசம் பேசிப் பார்க்கலாம் என்று எழுதினேன். ஆச்சரியம், ஒப்புக்கொண்டார்கள். லண்டன் விசாரணையை ஆறு வாரம் நிறுத்திவைக்க இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்த பிறகுதான் உட்கார்ந்தோம். இது முக்கியம். மலேசியாவின் 2012ஆம் ஆண்டு சமரசச் சட்டப்படி சமரசப் பேச்சு நடப்பதால் மட்டும் வழக்கோ நடுவர் விசாரணையோ நின்றுவிடாது. “பேசிக்கிட்டு இருக்கோமே” என்று காலக்கெடுவைக் கோட்டைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் ஒரு சனிக்கிழமை, இரண்டு அறை. பருப்பு வியாபாரம் தெரிந்த சமரசர் முதலில் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் 2009இல் யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பதுவரை பேச்சு போய்விட்டது. பிரித்தார். சிங்கப்பூர்க்காரர் தம் அறையில், சமரசரிடம் மட்டும், ஒரு உண்மையைச் சொன்னார்: யாங்கூன் ஏற்றுமதியாளர் ஈரப்பதம் கூடியதற்காகத் தமக்கு ஏற்கெனவே தள்ளுபடி கொடுத்திருந்தார். தனியறையில் சொன்னதைச் சொன்னவர் அனுமதியில்லாமல் அடுத்த அறைக்குச் சமரசர் கொண்டுபோகக் கூடாது. மதியம் தேநீர் ஆறிப்போகும் வரை யோசித்துவிட்டு அவரே எழுந்து வந்தார். “அண்ணே, இது உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.” அண்ணனும் தம் கணக்கில் 38,000 கொஞ்சம் கூடுதல்தான் என்றார். 17,000 ரிங்கிட்டில் முடிந்தது, அடுத்த மூன்று கண்டெய்னரில் கழித்துக்கொள்வதாக. எந்தத் தீர்ப்பாயமும் இப்படி “அடுத்த மூன்று கண்டெய்னரில்” என்று தீர்ப்பு எழுதாது.

பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (வட்டித்தொழில் நடந்த கடைவீடுகளில்) செட்டியார்கள் கணக்குத் தகராறைப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான். வித்தியாசம், இப்போது பேசியது ரகசியம் என்று சட்டம் காக்கிறது, எழுதிக் கையெழுத்திட்டது இருவரையும் கட்டுகிறது.

எல்லாத் தகராறும் சமரசத்துக்கு வராது. 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது, 2024 மே 4 அன்றுதான் நீக்கியது. அந்த மாதங்களில் “தடை வந்துவிட்டது, நான் என்ன செய்ய” என்ற ஒரே வரியோடு காணாமல்போன விற்பனையாளர்கள் உண்டு. அறிவிப்புக்கு முன்பே ஏற்றத் தொடங்கிய, அல்லது சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்குக்கு அந்தத் தடையிலேயே விலக்கு இருந்தது. ஆகவே நான் முதலில் கேட்டது ஷிப்பிங் பில்லின் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்திடம் தாக்கல் செய்யும் ஆவணத்தின்) தேதியை. ஆவணம் தர மறுப்பவரிடம் சமரசம் பேசுவது வீண், நடுவரிடம் போய் ஆவணத்தைக் கேட்டு உத்தரவு வாங்குவதே வழி. இன்னொன்று: மலேசியச் சட்டத்தில் எதிர்பாராத் தடைக்கான விலக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவுதான், அதாவது நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்பதுதான், கதி. விலை ஏறிவிட்டது என்பது அதற்குள் அடங்காது.

கோபத்தில் நேராகக் கோர்ட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. நடுவர் விதி இருக்கும் ஒப்பந்தத்தில், எதிர்த்தரப்பு வழக்கில் வேறு எதுவும் செய்யும் முன் விண்ணப்பித்தால், 2005ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் வழக்கை நிறுத்தியே ஆக வேண்டும், அந்த விதி செல்லாததாகவோ நிறைவேற்ற முடியாததாகவோ இருந்தால் தவிர. எட்டு மாதமும் வக்கீல் கட்டணமும் போன பிறகு பழைய இடத்திலேயே வந்து நிற்பீர்கள்.

செம்பனை எண்ணெய்க்காரர்கள் இதில் நம்மைவிட விவரமானவர்கள். அவர்களுக்குப் போராம், ஃபோஸ்ஃபா என்ற எண்ணெய்த் தொழில் சங்கங்களின் ஒப்பந்தங்களும் நடுவர் விதிகளும் இருக்கின்றன. மளிகை இறக்குமதியில்தான் நாம் அடுத்தவர் தந்த தாளில் கையெழுத்திடுகிறோம்.

லண்டன் வேண்டாம் என்றால் ஒப்பந்தம் போடும்போதே சொல்லுங்கள். கோலாலம்பூரில் 1978 முதல் இயங்கும் மையம் இருக்கிறது, ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில். 2018இல் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் என்று பெயர் மாறியது. சிறு தொகைக்கு ஒரே நடுவர் போதும். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் என்று இரண்டையும் எழுதுங்கள். ஒரு நாட்டு நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழிசெய்யும் நியூயார்க் உடன்படிக்கையில் மலேசியா 1985இல் சேர்ந்தது. அதனால் இங்கே கிடைத்த தீர்ப்பை அதில் சேர்ந்துள்ள சிங்கப்பூர், இந்தியா, மியன்மார் நீதிமன்றங்களில் நிறைவேற்றக் கேட்கலாம்.

“ஒப்பந்தமே கிடையாதும்மா, எல்லாம் வாட்ஸ்அப்தான்” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுவர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அதே நடுவர் சட்டத்தின் 9ஆம் பிரிவு, மின்னணுச் செய்தியும் எழுத்துத்தான். விதி அடங்கிய வேறொரு ஆவணத்தைச் சுட்டி அதை ஒப்பந்தத்தில் சேர்த்தாலும் போதும். விற்பவர் முன்கூட்டி அனுப்பும் புரோஃபார்மா இன்வாய்ஸின் (உத்தேச விலைப்பட்டியலின்) அடியில் பொடி எழுத்தில் அந்த வரி இருந்து, நீங்கள் “ஓகே அண்ணே” என்று போட்டுப் பணமும் கட்டிவிட்டால், லண்டனுக்குச் சம்மதித்துவிட்டீர்கள் என்று அவர் வக்கீல் வாதிடுவார். அந்த வாதத்தை மறுப்பது எனக்குச் சுலபமாக இருக்காது.