பி.ஆர். அட்டை முடிந்தால் பி.ஆர். போய்விடுமா?

கனடாவில் பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவர், அம்மாவுக்குச் சுகமில்லை என்று யாழ்ப்பாணம் போய், ஒரு வருடம் அங்கேயே நின்றுவிடுகிறார். திரும்பி வரப் பயணச்சீட்டுப் போடும்போதுதான் பி.ஆர். அட்டையை எடுத்துப் பார்க்கிறார். திகதி போன மாதமே முடிந்துவிட்டது. உடனே நெஞ்சு பதறும், பி.ஆரே போய்விட்டதோ என்று.

போகவில்லை. கனடாச் சட்டத்தில் அட்டை வேறு, உரிமை வேறு. பெரும்பாலும் 5 வருடத்துக்குத் தரப்படும் அந்த அட்டை, நீங்கள் நிரந்தர வதிவாளர் என்பதைக் காட்டும் சான்று, அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தால் பிறக்கவே இல்லை என்றாகிவிடுமா? ஆனால் இதையே மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். அட்டையில் இன்னும் மூன்று வருடம் மிச்சம் இருந்தாலும், உரிமை ஆட்டம் காணலாம். பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

சட்டம் பார்ப்பது நாள்களை. 2002 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு 5 வருட காலத்திலும் குறைந்தது 730 நாள்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. பத்து நாள், நாற்பது நாள் என்று துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சரி. ஒரு நாளின் ஒரு பகுதி இங்கே இருந்தாலே அது முழு நாளாகக் கணக்கில் வரும், அதனால் புறப்படும் நாளும் வந்திறங்கும் நாளும் உங்கள் பக்கம்தான். இதற்கு முந்தைய சட்டத்தில் 12 மாதத்துக்குள் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் ஆள் கனடாவைக் கைவிட்டுவிட்டதாகவே கருதத் தொடங்குவார்கள். அந்தப் பழைய ஆறு மாதக் கணக்கு இன்னும் சில பெரியவர்களின் வாயில் சுற்றிக்கொண்டிருக்கிறது; அதை விட்டுவிடலாம்.

"இரண்டு வருடம் இருந்துவிட்டேன், என் கடமை முடிந்தது" என்று நினைப்பது இன்னொரு தவறு. அந்த 5 வருடம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதிகாரி உங்களைப் பரிசோதிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. ஒருவர் 2018 ஜனவரி 1 அன்று வந்து இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 2018, 2019 இரண்டு வருடமும் ஒரு நாள் விடாமல் இங்கேயே இருந்தார். சரியாக 730 நாள். பிறகு ஊருக்குப் போய்விட்டார். 2022 கடைசியில் திரும்பினால் ஒரு சிக்கலும் இல்லை. 2023 ஜூலை 1 அன்று திரும்பினால், கணக்கு 2018 ஜூலை 1இலிருந்துதான் தொடங்கும். முதல் ஆறு மாதமும் அந்த 5 வருடச் சாளரத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. மிஞ்சுவது 549 நாள், 181 நாள் குறைவு. அவர் ஒரு தவறும் செய்யவில்லை, ஊரில் ஆறு மாதம் கூடுதலாக நின்றார், அவ்வளவே.

பி.ஆர். கிடைத்து இன்னும் 5 வருடம் ஆகாதவர்களுக்குச் சற்று இளக்கம் உண்டு. அவர்களிடம் இதுவரை எத்தனை நாள் என்று கேட்பதில்லை. மிச்சமிருக்கும் காலத்தில் 730ஐ எட்ட முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் இருந்தும் நாள் சேரும் வழிகள் மூன்று. கனடியக் குடிமகனான கணவரோடு, மனைவியோடு அல்லது சேர்ந்து வாழும் இணையோடு வெளியே வாழ்ந்தால், அந்த நாள்கள் கணக்கில் வரும். பிள்ளையாக இருந்தால், குடிமகனான தாயோடோ தந்தையோடோ வாழ்ந்த நாள்கள் வரும். கனடிய நிறுவனமோ கனடாவின் அரசுப் பணியோ முழுநேர ஊழியராக உங்களை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால், அதுவும் வரும். அப்படி அனுப்பப்பட்ட பி.ஆர். இணையோடோ பெற்றோரோடோ போய் இருந்தாலும் வரும்.

இதில் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்று இருக்கிறது. கனடாவில் பிறந்த குழந்தையோடு தாய் சென்னையில் இரண்டு வருடம் இருந்தால், குழந்தை குடிமகன்தானே, நாள் சேருமா? சேராது. குடிமகனான பெற்றோரோடு இருக்கும் பிள்ளைக்குத்தான் சலுகை, குடிமகனான பிள்ளையோடு இருக்கும் பெற்றோருக்கு இல்லை. அதேபோல, நாள் சேர்ப்பதற்காகவே காகிதத்தில் ஒரு கம்பனியைப் பதிந்து, அது தன்னை ஊருக்கு அனுப்பியதாகக் காட்டும் வித்தையையும் விதிகள் முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கின்றன.

மாகாண மருத்துவ அட்டையின் நாள் கணக்கு இது எதிலும் சேராது. ஒன்ராறியோவில் ஓஹிப் எனப்படும் மாகாண மருத்துவக் காப்பீட்டுக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும். அது மாகாணத்தின் விதி, பி.ஆர். மத்திய அரசின் விதி. ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறியதாக அர்த்தமில்லை.

சரி, யாழ்ப்பாணத்தில் நிற்பவருக்கு வருவோம். புதிய அட்டைக்குக் கனடாவுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க முடியும், வெளிநாட்டு முகவரிக்கு அட்டை அனுப்ப மாட்டார்கள். அட்டை இல்லாதவரை விமான நிறுவனம் ஏற்றாது. அவர் நிரந்தர வதிவாளர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டையைப் போலவே இதற்கும் கட்டணம் 50 டொலர். கட்டணம் சின்னது, விளைவு பெரியது. அந்த விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி 730 நாளையும் எண்ணுவார். குறைந்தால் மறுக்கலாம், மறுத்தால் 60 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். மேன்முறையீடு நடக்கும்போது, கடந்த 365 நாளுக்குள் ஒருமுறையாவது கனடாவில் இருந்தவர் என்றால் திரும்பி வரப் பயண ஆவணம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. சட்டத்தில் எங்கோ மூலையில் கிடக்கும் வரி இது, தெரியாமல் பலர் ஊரிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க விசா கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. அமெரிக்காவுக்குப் பறந்து, அங்கிருந்து சொந்தக்காரரின் காரில் தரைவழி எல்லைக்கு வருவது. தனியார் வாகனத்தில் வருபவர் அட்டை இல்லாவிட்டாலும் வேறு ஆவணங்களால் தான் யார், தன் நிலை என்ன என்று நிரூபிக்கலாம். நிரந்தர வதிவாளர் என்று உறுதியானால், உள்ளே வரும் உரிமை அவருக்குச் சட்டப்படி இருக்கிறது. நாள் குறைவாக இருந்தாலும் எல்லையில் வைத்துத் திருப்பி அனுப்ப முடியாது. அதிகாரி, நாள் கடமையில் தவறியதாக அறிக்கை எழுதலாம், அதன் மேல் வெளியேறும் உத்தரவும் வரலாம். அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், முடிவு வரும்வரை நீங்கள் பி.ஆர்.தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அறிக்கை எழுதப்பட்ட பிறகு இங்கே இருக்கும் நாள்கள் 730இல் சேராது. "உள்ளே வந்துவிட்டேன், இனி இருந்து நிரப்பிவிடுகிறேன்" என்பது அறிக்கை எழுதப்படாதவருக்குத்தான் பொருந்தும்.

நாள் குறைந்தவருக்குக் கடைசிக் கதவு மனிதாபிமான, கருணை அடிப்படை. பெற்றோரின் நோய், பிள்ளையின் நலன், ஏன் திரும்ப முடியவில்லை, கனடாவோடு எவ்வளவு வேரோட்டம் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். வெறும் கதை எடுபடாது. வைத்தியசாலைப் பதிவு, மரணச் சான்றிதழ், ரத்தான பயணச்சீட்டு என்று காகிதம் வேண்டும். பயண நாள்களை மறைக்கவும் இடமில்லை: 2020 முதல் விமானத்தில் வெளியேறுவோரின் தகவலும் எல்லைச் சேவைக்குப் போகிறது.

இதுவரை சொன்னது எல்லா நாட்டு பி.ஆர்.களுக்கும் பொது. இனிச் சொல்லப்போவது அகதியாக வந்த நம்மவருக்கு மிக நெருக்கமானது. 730 நாளைவிட எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது.

அகதிப் பாதுகாப்பு மூலம் பி.ஆர். ஆனவர்கள், தாம் தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாகவே மீண்டும் நாடினார்கள் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி அந்தஸ்து நீங்கும். 2012 டிசம்பருக்கு முன் அந்தஸ்து நீங்கினாலும் பி.ஆர். நிலைத்திருந்தது. அந்த மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே போகின்றன. இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது, அதில் பயணிப்பது, அதைக் கொண்டு கொழும்பில் இறங்குவது, எல்லாமே ஆதாரமாக வைக்கப்படலாம். 2009இல் போர் முடிந்த பின் தகப்பனின் காரியத்துக்கும் தங்கையின் கலியாணத்துக்கும் போய் வந்தவர்கள் எத்தனை பேர்! பி.ஆர். அட்டை கையில் இருந்தால் எங்கும் போகலாம் என்றுதான் அவர்கள் நம்பினார்கள். இந்தத் தீர்மானத்தை எதிர்த்து மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது, பெடரல் நீதிமன்றத்தில் நீதி மீளாய்வு கேட்கலாம், அவ்வளவுதான். 30 வருடம் இங்கே வரி கட்டியவர் என்பதும் தன்னளவில் காப்பாற்றாது.

போர் முடிந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நாட்டின் நிலை மாறியதை மட்டும் காரணம் காட்டி அந்தஸ்தை நீக்கினால் பி.ஆர். போகாது. ஆபத்து நாட்டின் மாற்றத்தில் இல்லை, ஆளின் செயலில் இருக்கிறது. 2022இல் பெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கமாயோ வழக்கில், பயணத்தின் நோக்கம், எடுத்துக்கொண்ட முன்னெச்சரிக்கை, இப்படி ஒரு விளைவு வரும் என்று பயணம் போனவருக்குத் தெரிந்திருந்ததா என்பவற்றையெல்லாம் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. அதனால் வாதாட இடம் இருக்கிறது. ஆனாலும் முதலில் வழக்கில் மாட்டாமல் இருப்பதே நல்லது. குடும்பப் பிரிவில் ஸ்பொன்சரில் வந்தவர்களுக்கும் தொழில் திறமையில் வந்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் கிடையாது.

குற்ற வழக்குகளைப் பற்றி ஒரு சொல். 10 வருடம் அல்லது அதற்கு மேல் உச்சத் தண்டனை உள்ள குற்றத்தில் தீர்ப்பு வந்தாலே பி.ஆர். ஆபத்துக்குள்ளாகும். குடித்துவிட்டுக் கார் ஓட்டுவது 2018 டிசம்பரிலிருந்து அந்த வகைக்குள் வந்துவிட்டது. கலியாண வீட்டிலிருந்து திரும்பும் இரவில் இதை நினைத்துக்கொண்டால் போதும். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் மேன்முறையீட்டு உரிமையும் போய்விடும்.

வயதான பெற்றோர் விஷயம் வேறு. பிள்ளை ஸ்பொன்சர் பண்ணி பி.ஆர். எடுத்துக் கொடுத்திருப்பார், அவர்களுக்கோ ஸ்காபரோவின் பனியில் மனம் ஒட்டாது, ஊரில் கிணறும் கோயிலும் இழுக்கும். 730 நாள் ஒருபோதும் நிரம்பாது. பி.ஆர். இருக்கும்வரை அவர்களுக்கு விசா கொடுக்க மாட்டார்கள், பி.ஆருக்கு விசா எதற்கு? அப்படிப்பட்டவர்கள் விரும்பினால் பி.ஆரைத் தாமாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜூலையிலிருந்து அதில் ஒருமுறை வந்தால் 5 வருடம் வரை தங்கலாம். இதை வெட்கமாக நினைக்கத் தேவையில்லை. சில குடும்பங்களுக்கு இதுவே நிம்மதி. ஆனால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதையும், மருத்துவக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் முதலே பேசிக்கொள்ள வேண்டும்.

நாள் எண்ணும் வேலைக்கே முற்றுப்புள்ளி வைப்பது குடியுரிமை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். பி.ஆர். ஆகும் முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாக, மொத்தம் 365 நாள் வரை சேரும். 18 முதல் 54 வயதுவரை மொழித் தகுதியும் தேர்வும் உண்டு, 20 கேள்விக்கு 15 சரியாக வந்தால் போதும். இந்தியர்கள் இந்தியக் குடியுரிமையை இழப்பார்கள், பிறகு வெளிநாட்டு வாழ் இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டையை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையர் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழி உண்டு.

அகதியாக வந்து, இடையில் ஊருக்கும் போய் வந்தவர் குடியுரிமைப் படிவத்தை நிரப்பும் முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது. படிவம் ஐந்து வருடப் பயணங்களையும் கேட்கும், அதிலிருந்துதான் பழைய கொழும்புப் பயணம் வெளியே வருகிறது. அந்தஸ்து நீக்க வழக்குத் தொடங்கிவிட்டால் குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிடுவார்கள். இன்னும் போகாதவர் என்றால், குடியுரிமை எடுத்துக் கனடியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த பிறகு ஊர்ப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.