நிறுத்தி அஞ்சு மாசம் நல்லாத்தானே டாக்டர் இருந்தா?

இந்தக் கல்யாண சீசன் முடிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். தையில் நிச்சயம், வைகாசியில் கல்யாணம், ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் அட்மிஷன். மனநல மருத்துவர்களுக்கு இந்தக் காலண்டர் மனப்பாடம்.

மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) வைத்தியம் பார்த்துத் தேறி, வேலைக்கும் போய்க்கொண்டிருந்த பெண். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) வரன் அமைந்ததும் வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இப்போது ராத்தூக்கம் கிடையாது. சாப்பாட்டில் மாமியார் எதையோ கலக்கிறார் என்று பட்டினி வேறு. அம்மா கைப்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். "வீணாக்கல டாக்டர், பத்திரமா வச்சிருக்கேன்." தலைப்பில் இருக்கும் கேள்வி அப்பா கேட்டது.

ஆள் மாறினாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. அதனால் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையை நிறுத்தியதும் முதலில் போவது பக்கவிளைவுகள். சில நாட்களிலேயே பகல் தூக்கம் குறையும், போகப் போகக் கை நடுக்கம் அடங்கும், முகம் தெளியும். "மாத்திரையை விட்டதும்தான் பிள்ளை பழையபடி ஆச்சு" என்று வீடே சந்தோஷப்படும். மாத்திரை தந்துகொண்டிருந்த பாதுகாப்பு குறைவது அதற்கு அப்புறம்தான், அதுவும் யார் கண்ணுக்கும் தெரியாமல். கோடையில் ஏரிக்கரையை வெட்டினால் அன்றைக்கே ஊருக்குள் தண்ணீர் வராது. நோய் திரும்ப சில வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். அதற்குள் மாத்திரை எல்லோருக்கும் மறந்திருக்கும், பழி மாமியார் மேலோ செய்வினை மேலோ விழும். அந்த அஞ்சு மாதம் நன்றாக இருந்ததை வைத்து மருந்து தேவையில்லை என்று முடிவுகட்ட முடியாது.

2012இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்தால் தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் நோய் திரும்பியது மருந்து எடுத்தவர்களில் 100க்கு 27 பேருக்கு, வெற்று மாத்திரைக்காரர்களில் 64 பேருக்கு. இன்னொரு விதமாகவும் பாருங்கள். மருந்தில்லாமலும் 36 பேர் அந்த ஒரு வருடத்தைத் தாண்டியிருக்கிறார்கள். "எங்க சித்தப்பா பையன் நிறுத்திட்டான், ஜம்முனு இருக்கான்" என்று நீங்கள் கேள்விப்படுவது இவர்களைப் பற்றித்தான். மீதி 64 பேரின் வீட்டில் யாரும் வெளியே பேசுவதில்லை. மருந்து எடுத்தும் 27 பேருக்குத் திரும்பியதையும் மறைக்கவில்லை. அந்த 27ஐக் காட்டி மருந்தே வேலை செய்யாது என்பவர்கள் 64ஐயும் சேர்த்துச் சொல்லட்டும்.

"திரும்பினா மறுபடி ஆரம்பிச்சுக்கலாமே?" அவ்வளவு சுலபம் இல்லை. ஹாங்காங்கில் முதல் முறை நோய் வந்து, மருந்தோடு ஓராண்டாவது நன்றாக இருந்த 178 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு வருடம் மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை தந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், மோசமான நிலையில் இருந்தவர்கள் மருந்தைத் தொடர்ந்த பிரிவில் 21 சதவீதம், நிறுத்திய பிரிவில் 39. அதுவும் டாக்டர்களின் கண்காணிப்பில் நிறுத்தியவர்கள்!

அப்போ ஆயுசு முழுக்கவா? எல்லோருக்கும் அப்படி இல்லை. முதல் முறை வந்தவர்களுக்குத் தேறிய பிறகு ஒன்றிரண்டு வருடம், திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஐந்து வருடமோ அதற்கு மேலோ என்பது பொதுவான கணக்கு. டோஸைக் குறைத்தால் நல்லது என்ற வாதத்துக்கும் ஆதாரம் உண்டு. 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆரம்பத்திலேயே குறைக்கவோ நிறுத்தவோ முயன்றவர்கள் ஏழு வருடத்தில் வேலை, குடும்பம் என்று மற்றவர்களைவிட நன்றாகவே நடமாடினார்கள். ஆனால் 2023இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், மெல்ல மெல்லக் குறைத்தும் இரண்டு வருடத்தில் அப்படி ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு நோய் திரும்பியவர்கள்தான் கூடினார்கள்: மருந்தைத் தொடர்ந்தவர்களில் 13 சதவீதம், குறைத்தவர்களில் 25. யாருக்கு மருந்தை நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. அதனால்தான் குறைப்பதென்றால் மெதுவாக, பார்த்துப் பார்த்துக் குறைக்கிறோம். பிளேடால் மாத்திரையைக் கால் கால் துண்டாக வெட்டி நீங்களே குறைக்காதீர்கள்.

இன்னொன்று, இது தூக்க மாத்திரை இல்லை. நல்லாத் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள்.

பக்கவிளைவைச் சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். எடை ஏறுகிறதா, மாதவிடாய் நின்றுவிட்டதா, வாயும் நாக்கும் தானாக அசைகிறதா, தாம்பத்தியத்தில் சிக்கலா, எதுவானாலும் சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், டோஸைக் குறைக்கலாம். எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. நாங்களே மறந்தாலும் கேளுங்கள். தினமும் மாத்திரை போடுவது தொல்லை என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இந்த நோய்க்கான மருந்துகளில் ஒன்றான க்ளோசபின் எடுப்பவர்கள் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய டோஸை அப்படியே தொடங்கக் கூடாது, போன் பண்ணுங்கள். பீடி, சிகரெட்டை விட்டாலும் சொல்லுங்கள், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். ராத்திரி நேரத்தில் யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம்.

கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் இருவரையும் என்னிடம் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன். சிலர் விலகிப் போவார்கள், உண்மைதான். தெரிந்து கட்டிக்கொண்டவர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரையை எடுத்துத் தருவார். தெரியாதவர் வீட்டில் குளியலறைக்குள் ஒளிந்து முழுங்க வேண்டும், அது எத்தனை நாள் நடக்கும்?

அப்புறம் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள் தள்ளிப்போனதும் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள், அம்மா. கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. மாத்திரையைப் போட்டுக்கொண்டே அந்த வாரமே வந்து பாருங்கள்.