பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

காட்பாடியில் கல்யாணப் படம் எடுக்கும் சித்தப்பா மகன் போன மாதம் போன் செய்தான். "அண்ணா, முகூர்த்தத்துல எடுத்ததெல்லாம் ஷேக் ஆகுது. ஐஎஸ்ஓவை ஏத்தினா கிரெய்ன்ஸ். ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கிடட்டுமா?"

பாடி என்றால் லென்ஸ் இல்லாத கேமரா. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சம் போதாதபோது படத்தைப் பளிச்சாக்க ஏற்றும் அளவு; ஏற்றினால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும். ஃபுல் ஃப்ரேம் என்றால் ஒளியைப் பிடிக்கும் சில்லான சென்சார் பெரிதாக உள்ள கேமரா. அவனிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கேமராவும் கூடவே வந்த கிட் லென்ஸும். முகூர்த்தமோ விடிவதற்கு முன்பே. ஃபிளாஷ் அடித்தால் ஓமத் தீயின் நிறம் செத்துவிடும். ஆகக் குறைவது வெளிச்சம்தான். அது எந்த இடத்தில் தடைபடுகிறது?

வாசலிலேயே, அதாவது லென்ஸின் துளையில். எஃப் எண் சிறிதாக ஆக, துளை பெரிதாகும். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. குவியத் தூரத்தை (இங்கே அந்த 55 மி.மீ.) எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும்: இங்கே சுமார் 10 மி.மீ. சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அதே துளை சுமார் 28 மி.மீ. சென்சாரில் விழும் வெளிச்சம் எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிராக மாறுவதால், வித்தியாசம் 9 மடங்குக்கு மேல் போகிறது. ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய இடத்தில் 1/125 நொடி போதும். தாலி முடியும் விரல்கள் அசையாமல் பதியும்.

ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால்? சென்சாரின் பரப்பு அவனுடையதைவிட 2.3 மடங்கு பெரிது. லாபமும் அவ்வளவுதான், அதுவும் அதே எஃப் எண்ணில் அதற்கேற்ற லென்ஸ் மாட்டினால்.

அப்படியானால் பாடியை மாற்றிப் பயனே இல்லையா? ஜவ்வாது மலைக்கு ஒரு நடை போய்வரலாம். பழைய வட ஆற்காட்டின் காவலூரில் 1972ல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அதற்கும் பங்குண்டு. அங்கே லென்ஸின் வேலையைச் செய்யும் பெரிய ஆடி (கண்ணாடி) அப்படியே இருக்க, பின்னால் மாட்டும் கருவிகள்தான் காலத்துக்கேற்ப மாறின. ஒளிப்படத் தகடு, தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் பதிவு செய்யும். அந்த இடத்துக்கு வந்த சிசிடி என்னும் மின்னணு சென்சாரோ பாதிக்கு மேல் பிடித்துவிடும். அதாவது, வானியலாளர்கள் 'பாடி'யை மாற்றிப் பல மடங்கு லாபம் பார்த்தார்கள்.

நமக்கு அந்த யோகம் இல்லை. இன்றைய கேமரா சென்சாரே விழும் ஒளியில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துவிடுகிறது. அதே அளவில் எத்தனை விலையுயர்ந்த சென்சார் வந்தாலும் மீதிப் பாதியைத்தான் பிடிக்க முடியும். இரண்டு மடங்கைத் தாண்ட வழியில்லை. மெகாபிக்சலும் அப்படித்தான்: 24ஐ 45 ஆக்கினாலும் படத்தின் அகலத்தில் நுணுக்கம் 1.37 மடங்குதான் கூடும்.

பறக்கிற கொக்கைத் துரத்துபவருக்குக் கதை வேறு. ஃபோகஸ் பிந்துகிறது என்றால் பாடியை மாற்றுவது நியாயம்.

சரி, தம்பி 50 மி.மீ. லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். முகூர்த்தப் படங்கள் பிரமாதம். ஆனால் குடும்பப் படத்தில் மணமக்கள் பளிச்சென்று இருக்க, பின்னால் நின்ற மாமனார் கலங்கலாக இருந்தார். எஃப் 1.8ல், 3 மீட்டர் தள்ளி நின்றால், தெளிவாக விழும் ஆழம் கால் மீட்டர்தான். துளை அகன்றால் ஆழம் குறையும், அதிலிருந்து தப்ப முடியாது.

"குரூப் போட்டோவுக்கு 5.6 வச்சு ஃபிளாஷ் போடுடா" என்றேன்.

"அதுக்குப் பழைய லென்ஸே இருக்கே அண்ணா" என்றான்.