சீம்பால் வட்டிலும் உடம்பு ஏறாத கன்றும்

மாடு கன்று போட்டால் அக்கம்பக்கத்துக்குச் சீம்பால் கொடுத்தனுப்புவது தோட்டத்து லய வீடுகளில் இருந்த காலத்துப் பழக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மாடு வைத்திருக்கும் நம் வீடுகளில் அது இன்னும் போகவில்லை. சீனியும் ஏலக்காயும் போட்டு அவித்து வட்டிலில் வரும்போது நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சரி, கால்நடை மருத்துவனாக என் வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள்.

போன வருஷம் ஒரு பாட்டி கூப்பிட்டார். "டாக்டர் தம்பி, கன்னு போட்டு நாலு மாசமாச்சு, வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கு, உடம்பு ஏறவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். முடி சிலிர்த்து நின்றது, விலா எலும்பை எண்ணலாம், கண்ணேறுக்குக் கழுத்தில் கறுப்புக் கயிறு வேறு. பிறந்த அன்றைக்கு எவ்வளவு பால் குடித்தது என்று கேட்டேன். "மூணு லிட்டர் கறந்து எல்லாருக்கும் கொடுத்தேன் தம்பி, மிச்சத்தைக் கன்னு ஊட்டுச்சு" என்றார்.

மனுஷக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. அதனால் கன்று கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் பிறக்கிறது, அதற்கு வேண்டியது அத்தனையும் சீம்பாலில் இருக்கிறது. அதை அப்படியே ரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும் சக்தி கன்றின் குடலுக்குப் பிறந்த நேரத்தில்தான் அதிகம், மணிக்கு மணி குறைந்து 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும். மறுநாள் வாளி வாளியாக ஊற்றினாலும் வயிறு நிறையும், அவ்வளவுதான். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், முதல் ஆறு மணி நேரத்துக்குள். எழுந்து ஊட்ட முடியாத கன்றானால் கறந்து புட்டியில் கொடுங்கள். சீம்பால் கிடைக்காத கன்று கழிச்சல், சளி என்று மாறி மாறிப் படுக்கும், தின்பதெல்லாம் நோயோடு மல்லுக்கட்டவே போய்விடும், அப்புறம் எங்கே வளர்வது?

பானை வயிற்றுக்குக் காரணம் வேறு. பெரிய மாட்டுக்கு நாலு வயிற்றில் முதல் வயிறுதான் பெரிசு, புல் அங்கேதான் ஊறிப் புளிக்கிறது. பிறந்த கன்றுக்கு நாலாவதுதான் பெரிசு. ஊட்டும்போது பால் முதல் வயிற்றைத் தொடாமல் ஒரு வாய்க்கால் வழியாக நேரே அங்கே இறங்கிவிடும். அதனால் வெறும் பாலை எத்தனை மாசம் கொடுத்தாலும் முதல் வயிறு சரியாக வளராது. தானியத் தீவனம் உள்ளே போய்ப் புளித்து, அதில் வரும் அமிலம் பட்டுத்தான் வயிற்றின் உள்சுவர் தடிக்கும். இரண்டாவது வாரத்திலிருந்தே ஒரு கைப்பிடி கலப்புத் தீவனமும் எந்நேரமும் தண்ணீரும் வையுங்கள். பாட்டி இரண்டு மாசத்திலேயே பாலை நிறுத்திவிட்டு வெறும் புல்லில் விட்டிருந்தார். அந்தச் சின்ன வயிற்றால் அதைச் செரிக்க முடியாமல் பை மட்டும் உப்பிக்கொண்டது. குடற்புழுவும் இருந்தது. தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு ஏறும் உருளைப்புழு ஒன்று உண்டு, இரண்டு வாரத்திலேயே மருந்து கொடுக்க வேண்டும், பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை.

செம்பனைப் பருப்பில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கு, அதாவது பி.கே.சி., மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். பெரிய மாட்டுக்கு நல்லது, குட்டிக் கன்றுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். செம்மறி ஆட்டுக்கு அதைத் தினமும் நிறையப் போட்டால் அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து கொன்றே விடும், இது ஆடு வைத்திருப்பவர்களுக்கு.

செம்பனைக்குக் குருத்து ஒன்றுதான், வண்டு துளைத்து அது செத்தால் மரமே போச்சு. கன்றுக்கு அப்படி இல்லை, நீள எலும்பு ஒவ்வொன்றின் முனையிலும் வளரும் குருத்தெலும்பு இருக்கிறது, தாமதமாகத் தீனி கிடைத்தாலும் விட்ட வளர்ச்சியை ஓரளவு பிடித்துக்கொள்ளும். முழுசாகப் பிடிக்குமா என்றால் எல்லாக் கன்றும் பிடிப்பதில்லை. பாட்டியின் கிடாரியைத் தேற்றினோம். ஆனால் வயசு வந்துவிட்டது என்று காளைக்கு விட வேண்டாம், தாயின் எடையில் அறுபது சதவீதமாவது வரட்டும் என்று நெஞ்சைச் சுற்றி நாடா வைத்து அளந்து எடையைக் கணிப்பதைக் காட்டிவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் தாய்மாடு மறுபடி ஈன்றது. எனக்கும் வட்டில் வந்தது, மறுநாள் கறந்ததாம். சரியாக உறையவில்லை, கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது.