திங்கட்கிழமை வயிற்றுவலி: அமெரிக்க அரசுப் பள்ளியில் மனநல உதவியைக் கேட்டு வாங்குவது எப்படி?

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமிக்கு ஞாயிறு இரவானால் வயிற்றுவலி ஆரம்பித்துவிடும். திங்கள் காலை ஸ்கூல் பஸ் வரும் நேரத்துக்கு வாந்தி. மூன்று மாதம் டாக்டரிடம் அலைந்து ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் ஒன்றுமே இல்லை. "நல்லாத்தானே படிக்கிறா, அவளுக்கு என்ன கவலை?" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டிருப்போம்.

அந்த வயிற்றுவலியைப் பற்றி அமெரிக்கச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களின் கல்விக்காக 1975-இல் வந்த சட்டம், 1990 முதல் 'ஐடியா' என்ற பெயரில் வழங்குகிறது. அதில் சொல்லப்படும் 13 வகைகளில் ஒன்று உணர்ச்சிக் கோளாறு. சொந்தப் பிரச்சினையாலோ பள்ளியில் நடக்கும் பிரச்சினையாலோ உடம்புக்கு ஏதாவது வந்துகொண்டே இருப்பதும், பயந்துகொண்டே இருப்பதும் அதன் அடையாளங்களுள் ஒன்று என்கிறது சட்டம். எப்போதும் சோர்ந்தும் துக்கமாகவும் இருப்பது இன்னொன்று. இது நெடுநாளாக, கடுமையாக இருக்க வேண்டும். படிப்பைப் பாதிக்கவும் வேண்டும். ஆனால், பாஸாகி அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்ற ஒரே காரணத்தைக் காட்டி உரிமை இல்லை என்று பள்ளி சொல்ல முடியாது. ஏடிஎச்டி (கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் 'பிற உடல்நலக் குறைபாடு' என்ற வகையில் வருவார்கள்.

இந்தச் சட்டத்துக்குள் வரும் பிள்ளைக்கு ஐஇபி என்ற தனித் திட்டம் எழுதுவார்கள். பிள்ளைக்குத் தேவை என்றால் கவுன்சலிங், உளவியலாளரின் உதவி, சமூகப் பணியாளரின் உதவி எல்லாம் அதில் சேரும். பெற்றோருக்கான பயிற்சியையும் சேர்க்கலாம். ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

ஐஇபி அளவுக்குப் போகாத பிள்ளைகளுக்கு 504 பிளான் இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-வது பிரிவுதான் அந்தப் பெயருக்குக் காரணம். கவனம் செலுத்துவது, யோசிப்பது, தூங்குவது போன்ற அன்றாடச் செயல்களை ஒரு குறைபாடு பெரிதாகத் தடுத்தால் போதும். பதற்றம் கூடும்போது வகுப்பிலிருந்து எழுந்து கவுன்சலரிடம் போக அனுமதி, தேர்வை அமைதியான தனி அறையில் எழுதுவது, கூடுதல் நேரம் என்று இந்தப் பிளானில் எழுதி வாங்கலாம். இங்கே பல பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "முதலில் டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாருங்கள்" என்று பள்ளி சொல்லும். பிள்ளைக்கு உதவி தேவையா என்று பள்ளி செய்யும் மதிப்பீட்டுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம் தேவை என்று பள்ளியே கருதினால், அந்தச் செலவையும் பள்ளிதான் ஏற்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் எப்படித் தொடங்குவது? ஒரு கடிதத்தில்தான். டீச்சரிடம் வாசலில் நின்று பேசுவது நல்லதுதான், ஆனால் அது எங்கும் பதிவாகாது. பள்ளி முதல்வருக்கும், பள்ளி மாவட்டத்தின் சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தச் சிறுமிக்காக நாங்கள் எழுதியது ஐந்தே வரி: "என் மகள் செப்டம்பர் முதல் 14 நாள் பள்ளிக்கு வரவில்லை. வாரம் தொடங்கும் காலைகளில் வாந்தி எடுக்கிறாள். மருத்துவர் உடல் காரணம் எதுவும் இல்லை என்கிறார். ஐடியா சட்டத்தின் கீழும் 504-வது பிரிவின் கீழும் அவளை முழுமையாக மதிப்பீடு செய்யக் கோருகிறேன். ஒப்புதல் படிவத்தை அனுப்பி வையுங்கள்." பயமாக இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்றெல்லாம் அந்த அம்மா எழுதி வைத்திருந்தார். அதை நான் எடுக்கச் சொல்லவில்லை, கடைசியில் இருக்கட்டும் என்றேன். ஆனால் முதலில் வர வேண்டியவை நாள்கணக்கும் கோரிக்கையும்.

கடிதம் போனபின் பள்ளிக்கு இரண்டே வழி: படிவத்தை அனுப்ப வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். நீங்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். மாநிலம் தனியாக ஒரு கெடு வைத்திருந்தால் அதுதான் கணக்கு. "முதலில் வேறு சில உதவிகளைச் செய்து பார்ப்போம், அப்புறம் மதிப்பீடு" என்று தள்ளிப்போடுவது சரியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

அந்தக் கடிதத்தால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு, பலருக்கும் தெரியாதது. மனக்கொந்தளிப்பு எல்லாப் பிள்ளைகளிடமும் அழுகையாக வெளிப்படுவதில்லை. சிலரிடம் அடிதடியாக வரும். ஐஇபி உள்ள பிள்ளையைத் தொடர்ந்து 10 பள்ளி நாளுக்கு மேல் வெளியேற்ற முடிவெடுத்தால், அந்த நடத்தை குறைபாட்டால் வந்ததா என்று 10 பள்ளி நாளுக்குள் கூடி ஆராய வேண்டும். ஆம் என்றால், நடத்தைக்கு என்ன காரணம் என்று மதிப்பீடு செய்து, அதற்கொரு திட்டம் எழுத வேண்டும். அதோடு, ஆயுதம், போதைப்பொருள், கடுமையான காயம் தவிர மற்ற நேரங்களில், வேறு ஏற்பாட்டுக்கு நீங்களும் சம்மதித்தாலொழிய, பிள்ளை தன் பழைய இடத்துக்கே திரும்பலாம். ஐஇபி இன்னும் எழுதப்படாத பிள்ளையாக இருந்தாலும், சம்பவத்துக்கு முன்பே பெற்றோர் மதிப்பீடு கோரியிருந்தால் இதே பாதுகாப்பைக் கேட்கலாம். கடிதத்தின் தேதி அப்போது கைகொடுக்கும்.

கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் லேப்டாப். அந்தச் சிறுமியின் அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் "பாதி புரியல" என்றார். ஐஇபி கூட்டத்தில் பெற்றோருக்கு நடப்பது புரிய வேண்டும், தேவையானால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழில் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் வேதனையைத் தானே அம்மாவுக்கு விளக்கிச் சொல்லும் நிலைமை எந்தக் குழந்தைக்கும் வரக்கூடாது. அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம்.

விரிவாக்கம், புதுத் திட்டம் என்று செய்திகளில் வருகிறதே, அதைப் பற்றியும் கொஞ்சம். 2022 ஜூனில் நிறைவேறிய சட்டம் ஒன்று, பள்ளிகளில் உளவியலாளர்களையும் கவுன்சலர்களையும் கூட்டுவதற்கென்று 100 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் மத்தியக் கல்வித்துறை அந்த மானியங்களை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள் என்பது பள்ளிக் கவுன்சலர்கள் சங்கத்தின் பரிந்துரை. 2023–24-இல் நாடு முழுவதற்குமான சராசரி 376. மாநிலங்களும் தங்கள் பங்குக்குச் செய்கின்றன. இல்லினாயில் மனநலத்துக்காக ஆண்டுக்கு 5 நாள் விடுப்பு எடுக்கலாம். அங்கேயே 2027–28 முதல் 3-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை ஆண்டுதோறும் மனநலப் பரிசோதனை வருகிறது, வேண்டாம் என்று பெற்றோர் விலகிக்கொள்ளலாம். மானியம் இன்று வரும், நாளை போகும். ஐஇபியும் 504-உம் அப்படியல்ல, சட்டம் தந்தவை. 'எங்களிடம் ஆள் இல்லை' என்ற பதிலை அவற்றுக்கு ஏற்க வேண்டியதில்லை.

பெற்றோரின் பயங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கூட்டத்துக்குப் போவதைவிட இவற்றைத் தாண்டுவதுதான் கடினம். கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டில் ஐஇபி பற்றியோ குறைபாடு பற்றியோ எழுதக் கூடாது. விசா என்னவாக இருந்தாலும் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் பணம் பெறப் பள்ளி உங்கள் ஒப்புதலைக் கேட்டால் மறுக்கலாம், அதற்காக ஐஇபி உதவியை நிறுத்த முடியாது. பள்ளி வைத்திருக்கும் பதிவுகளைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் இந்தக் கெடு எதற்கும் காத்திருக்காதீர்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் ஆள் உண்டு, மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

பள்ளியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால், வெளி நிபுணரைக் கொண்டு தனி மதிப்பீடு வேண்டும், செலவு பள்ளியுடையது என்று எழுதிக் கேளுங்கள். பள்ளி அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தன் மதிப்பீடு சரியானதே என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். சட்டமீறல் நடந்து ஓராண்டுக்குள் மாநிலக் கல்வித்துறையிடம் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் நிதியில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் இருக்கிறது. அங்கே உதவி இலவசம். பள்ளிக்கு எழுதும் முதல் கடிதத்தையே அவர்களிடம் காட்டித் திருத்தி வாங்கலாம்.