டிரிக்கர்: காரணமா, தூண்டியா?

வானம் வெளிறிக் கிடக்கும். ஒரு இலை அசையாது. என் அக்கா வலது நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். “மழை வரப்போகிறது, தலை சொல்கிறது” என்பாள். ‘வானிலை மாற்றம் உங்களுக்கு ஒரு டிரிக்கர்’ என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் ‘காரணம்’ என்று தமிழாக்கிக்கொண்டோம். பல ஆண்டுகள் மழையையே பழித்தோம்.

முதலில் அக்காவின் நோயின் பெயர். மைக்ரேன் என்பது கிரேக்கத்தின் ‘ஹெமிக்ரானியா’விலிருந்து வந்தது. ஹெமி என்றால் பாதி, கிரானியன் என்றால் மண்டை. லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனபோது முன்னெழுத்துகள் உதிர்ந்து ‘மிக்ரேன்’ ஆனது. தமிழில் ஒற்றைத் தலைவலி. ஈழத்தில் ஒற்றைத் தலையிடி. மலையாளத்தில் சென்னிக்குத்து என்கிறார்கள். தலை என்னும் பொருளில் நாம் செய்யுளில் விட்டுவைத்த ‘சென்னி’ அங்கே அன்றாட வலிக்குப் பெயராகப் புழங்குகிறது.

டிரிக்கர் வேறு குடும்பத்துச் சொல். இழுத்தல் என்னும் பொருளுள்ள டச்சு வினையிலிருந்து ‘டிரெக்கர்’ பிறந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் துப்பாக்கி விசையின் பெயரானது. விசையை இழுத்தால் குண்டு பாய்ந்தே தீரும். ஒற்றைத் தலைவலி அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரே மேகமூட்டத்தில் ஒரு நாள் வலிக்கும், மறுநாள் வலிக்காது.

தமிழ் மருத்துவக் கட்டுரைகளில் வழங்கும் ‘தூண்டி’ இந்த இடத்தில் மூலச்சொல்லைவிடப் பொருத்தமானது என்பேன். தூண்டுதல் விளக்கோடு புழங்கும் சொல். அகலில் எண்ணெய் இருக்கிறது, திரி நனைந்திருக்கிறது, சுடர் மட்டும் மங்கிச் சிறுத்திருக்கிறது. தூண்டுகோலால் திரியின் கருகிய நுனியைத் தட்டி ஒரு நெல்லளவு வெளியே தள்ளினால் சுடர் எழும்புகிறது. வெற்று அகலில் எவ்வளவு தூண்டினாலும் ஒன்றும் எரியாது. சோழர் கல்வெட்டுகளின் ‘நுந்தா விளக்கு’ தூண்டாமலே எரியும் விளக்குதான்; நுந்துதலும் தூண்டுதலும் ஒன்று.

எண்ணெயும் திரியும் ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளைக்குள்ளேயே இருக்கின்றன: பெரும்பாலும் குடும்பவழி வந்த, மாற்றத்தைத் தாங்காத நரம்பமைப்பு. தூக்கக் குறைவு, தள்ளிப்போன சாப்பாடு, மாதவிடாய், மன அழுத்தம், காற்றழுத்த வீழ்ச்சி எல்லாம் தூண்டுகோல்கள். ஒன்று பலிக்காத நாளில் இரண்டு சேர்ந்தால் பலித்துவிடும்.

கனடாவின் கால்கரி நகரில் இதை நன்றாகப் பார்க்கலாம். ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் சினூக் என்னும் வெப்பக் காற்று இறங்கும். கடுங்குளிர்காலத்திலும் சில மணி நேரத்தில் பனி உருகும். அங்கே ஒற்றைத் தலைவலியுள்ள 75 பேரின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிலருக்குச் சினூக் வருவதற்கு முந்தைய நாளில் வலி கூடியது. வேறு சிலருக்கு அது பலமாக வீசிய நாளில். இரண்டிலும் வலித்தவர்கள் மிகச் சிலர். பலருக்கு எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒரே ஊர், ஒரே காற்று. அந்தக் காற்றைக் ‘காரணம்’ என்று எழுதினால் வலிக்காதவர்களுக்கு என்ன விளக்கம் சொல்வது?

ஆகவே ‘காற்றழுத்தம் குறைவதால் ஒற்றைத் தலைவலி வருகிறது’ என்று எழுதாதீர்கள். ‘காற்றழுத்தம் குறைவது சிலருக்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டுகிறது’ என்று எழுதுங்கள். ‘தூண்டுகாரணி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் காரணம் அதற்குள் மறுபடி நுழைந்துவிடுகிறது. நான் தூண்டி என்றே எழுதுகிறேன்.

‘தூண்டி’ என்று சொல்லத் தொடங்கிய பிறகு அக்கா, வானத்தோடு சேர்த்து மற்றவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கிறாள். ‘வெள்ளி: மேகமூட்டம். மதியம் சாப்பிடவில்லை. இரவு 4 மணி நேரத் தூக்கம். மாலையில் வலி.’ அடுத்த வரி: ‘செவ்வாய்: நாள் முழுதும் கனமழை. வலி இல்லை.’