பைக்கில் விழுந்த பிறகு கை தூக்க முடியவில்லையா? மாதங்களைத் தவற விடாதீர்கள்

பைக் விபத்துக்குப் பிறகு எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வருகிறவர்களில் சிலருக்கு எலும்பு கூடியிருக்கும், காயம் ஆறியிருக்கும். ஒரு கை மட்டும் தோளிலிருந்து துவண்டு தொங்கும். தொடை எலும்புக்குக் கம்பி வைத்து, தலைக்கு ஸ்கேன் எடுத்து, உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்த நேரத்தில் கையை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். "கட்டுப் போட்டதுல மரத்துப் போயிருக்கு, கரண்ட் வெச்சா சரியாயிடும்னு சொன்னாங்க" என்பார்கள் வீட்டார். பல பேர் அப்படி வரும்போது விபத்து நடந்து ஐந்தாறு மாதம் ஓடியிருக்கும். எல்லாரும் இளைஞர்கள். அதுதான் மனதை மிகவும் வருத்துகிறது.

கைக்கான நரம்புகள் தண்டுவடத்திலிருந்து 5 வேர்களாகக் கிளம்புகின்றன. கழுத்துப் பகுதியில் 4, அதற்கு அடுத்து மார்புப் பகுதியில் 1. இவை நேராகக் கைக்குள் இறங்குவதில்லை. முதலில் 3 தண்டுகளாகச் சேர்கின்றன. காறை எலும்புக்குப் பின்னால் 6 பிரிவுகளாகப் பிரிகின்றன. அக்குள் பக்கம் மறுபடி 3 வடங்களாகக் கூடி, கடைசியில் 5 முக்கிய நரம்புகளாகக் கைக்குள் போகின்றன. ரிப்போர்ட்டில் 'பிரேக்கியல் பிளெக்சஸ்' என்று எழுதியிருப்பது இந்த நரம்புப் பின்னலைத்தான். ஜடையில் ஒரு கால் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாதல்லவா, அது போலத்தான் இதுவும். அடி பட்டது கழுத்தோரத்தில், செயலிழந்தது முழங்கையில். கையை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாகவே இருக்கும்.

விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் இழுபட்டால் மேல் வேர்கள் அடிபடும். அப்போது தோளைத் தூக்கவோ முழங்கையை மடக்கவோ வராது. விரல்கள் மட்டும் அசையும். கையை மேலே இழுத்தபடி அடிபட்டால் கீழ் வேர்கள் போகும், விரல்கள் செயலிழக்கும். ஹெல்மெட் தலையைக் காக்கும், கட்டாயம் போடுங்கள். ஆனால் இந்த இழுப்பை அது தடுக்காது.

சில நரம்புகள் வெறுமனே இழுபட்டிருக்கும். அவை சில வாரங்களில், அல்லது மூன்று மாதத்துக்குள் தாமாகவே மீண்டுவிடும். சில அறுந்திருக்கும். சில தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கி வந்திருக்கும். கை அசையாத பக்கத்துக் கண்ணிமை லேசாகத் தொங்கி, கண்மணியும் சிறுத்திருந்தால், கீழ் வேர் பிடுங்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் உடனே சந்தேகப்படுவார்கள். மரத்துப்போன கையில் தீப்பட்டது போன்ற எரிச்சல் இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

ஏன் இந்த அவசரம்? நரம்பு திரும்ப வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். கழுத்திலிருந்து உள்ளங்கை வரை போய்ச் சேர இரண்டு வருடம்கூட ஆகலாம். ஆனால் நரம்புத் தொடர்பு இல்லாத தசை ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அதற்குப் பிறகு நரம்பு வந்தாலும் பலனில்லை. அதனால்தான் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு விபத்து நடந்து 3 முதல் 6 மாதத்துக்குள் அதைச் செய்யப் பார்க்கிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட்தான், இருந்தும் சொல்கிறேன்: அறுந்த நரம்பைக் கரண்ட் வைத்தோ எண்ணெய் போட்டு நீவியோ ஒட்ட வைக்க முடியாது.

சரி, வேரே பிடுங்கப்பட்டால்? அப்போதும் வழி உண்டு. 1994இல் ஓபர்லின் என்ற பிரெஞ்சு மருத்துவர், விரல்களுக்குப் போகும் நரம்பிலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்து முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைக்கும் முறையை வெளியிட்டார். ஒரு நரம்புக்குள் பல இழைகள் இருப்பதால், ஒன்றை எடுத்தாலும் விரல்களின் பலம் பெரும்பாலும் குறைவதில்லை. பிறகு எங்கள் வேலை தொடங்கும். "முழங்கையை மடக்குங்கள்" என்றால் முதலில் அசையாது. "விரலை இறுக்கி மூடுங்கள்" என்றால் மேல்கைத் தசை துடிக்கும். விலா எலும்பு நரம்பை எடுத்து இணைத்தவர்களுக்கோ, மூச்சை ஆழ இழுத்தால் முழங்கை மடங்கும். மாதக்கணக்கில் பழகப் பழக, நினைத்தாலே கை மடங்கும் அளவுக்கு மூளை பாதையை மாற்றிக்கொள்கிறது. இதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதைவிடப் பெரிய சந்தோஷம் என் தொழிலில் எனக்கு இல்லை.

விபத்தில் சிக்கியவர் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் நான்கு விஷயம் செய்யச் சொல்லிப் பாருங்கள்: தோளைப் பக்கவாட்டில் தூக்குவது, முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை மேலே நிமிர்த்துவது, விரல்களை விரிப்பது. ஒன்று முடியாவிட்டாலும் டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நரம்பு மின்பரிசோதனையில் தெளிவாகத் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்காக முதல் ஆலோசனையைத் தள்ளிப் போட வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை அறுவை சிகிச்சைப் பிரிவைக் கேட்டுப் போங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அதுவரை வீட்டில், நடக்கும்போது கழுத்திலிருந்து தொட்டில் போலத் துணி கட்டி, அதில் கையைத் தாங்கி வையுங்கள். இல்லையென்றால் அதன் கனமே தோள் மூட்டை இறக்கிவிடும். மருத்துவர் சொல்லியபடி விரல், மணிக்கட்டு, முழங்கை மூட்டுகளை மற்றொரு கையால் தினமும் மெதுவாக அசைத்து விடுங்கள், மூட்டு இறுகாமல் இருக்கும். அப்புறம், உணர்ச்சியில்லாத கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.